சுண்ணாம்பு எத்தனை சுற்றுத் தாங்கும் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு புகையிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடிக்கலாம், அதே கல்லில் சூட்டையும் சேமித்து வைக்கலாம் என்ற பேச்சு இப்போது மலையகத்திலும் அடிபடுகிறது. மாத்தளையிலும் திகனையிலும் கல் இருக்கிறது, தேயிலைத் தொழிற்சாலைகளில் புகைபோக்கி இருக்கிறது, இரண்டையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள். இதில் பாதி உண்மை. மற்றப் பாதி தெரியாமல் எந்தத் தோட்டமும் எந்தச் சிறு தொழிற்சாலை உரிமையாளரும் பணத்தைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

சுண்ணாம்புக் கல் என்பது கல்சியம் காபனேற்று. சுத்தமான கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ காபனீரொட்சைட்டாகக் காற்றோடு போய்விடும். ஆகவே சூளையில் சுட்ட சுண்ணாம்பை வாங்கிவந்து, ஒரு தடவை புகையில் காட்டிவிட்டு, பிறகு கொட்டிவிடுவதால் ஒரு கிலோகூட லாபமில்லை. சூளையில் வெளியே விட்ட வாயுவையே தொழிற்சாலையில் திரும்பப் பிடித்திருக்கிறோம், அவ்வளவுதான். சூளைக்கு எரித்த விறகும் லொறிக்கு ஊற்றிய டீசலும் அதற்கு மேல் நட்டம். "ஒரு தொன் சுண்ணாம்பு இவ்வளவு வாயுவைப் பிடிக்கும்" என்று மட்டும் காட்டும் கணக்கு எதுவாக இருந்தாலும் அது அரைக் கணக்கு.

லாபம் வருவது அதே கல்லைச் சுற்றவிடும்போதுதான். இதற்கு இரண்டு கலன்கள் வேண்டும். முதலாவதில் ஏறத்தாழ 650 பாகை செல்சியஸ் சூட்டில், மணல் கொதிப்பதுபோல் காற்றில் மிதக்கும் சுட்ட சுண்ணாம்புத் துகள்களினூடாகப் புகையைச் செலுத்துவார்கள். சுண்ணாம்பு காபனீரொட்சைட்டைப் பிடித்து மறுபடி காபனேற்றாகும். அது இரண்டாவது கலனுக்குப் போய் 900 பாகைக்கு மேல் சுடப்படும். அங்கே பிடித்த வாயுவைத் தனியாக, செறிவாக விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகத் திரும்பிவரும். இரட்டைக் கலன் முறையை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிமிசுவும் அவரது குழுவினரும் முன்வைத்தார்கள். ஸ்பெயினின் லா பெரேடாவில் 1.7 மெகாவாற்று அளவிலும், ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1 மெகாவாற்று அளவிலும் பரீட்சார்த்த நிலையங்கள் கட்டப்பட்டன. புகையிலுள்ளதில் 90 சதவீதத்தைப் பிடிக்க முடியும் என்பது நிரூபணமான விஷயம். அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் கல்லில் இருக்கிறது. கல் களைத்துப்போகும்.

முதல் சுற்றில் சுட்ட சுண்ணாம்பில் ஏறத்தாழ 70 சதவீதம் வேலைசெய்யும். பத்தாவது சுற்றில் அது 23 சதவீதத்துக்கு விழும், இருபதாவதில் 16, ஐம்பதாவதில் 11. அதன்பிறகு 7, 8 சதவீதத்தில் நின்றுவிடும். இயற்கைச் சுண்ணாம்புக் கற்கள் பலவற்றைச் சோதித்துப் பெற்ற பொதுவான போக்கு இது. கல்லுக்குக் கல் கொஞ்சம் கூடும் குறையும், வடிவம் மாறாது.

ஏன் களைக்கிறது? கல்லிலிருந்து வாயு வெளியேறும்போது அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகும். அந்தத் துளைகளின் சுவரில்தான் பிடிப்பு நடக்கிறது. 900 பாகைச் சூட்டில், அதுவும் சுற்றிலும் காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கும்போது, துளைச் சுவர்கள் ஒன்றோடொன்று இளகி ஒட்டிக்கொள்கின்றன. சின்னத் துளைகள் மறைந்து பெரிய துளைகள் சில மிஞ்சுகின்றன. சுவரின் மொத்தப் பரப்புக் குறைகிறது. இன்னொன்றும் உண்டு. காபனேற்று, ஒட்சைட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் எடுக்கும். அது சுவரில் படிந்து ஏறத்தாழ 50 நனோமீற்றர் தடிப்பு வந்ததும் உள்ளேயுள்ள சுண்ணாம்புக்கு வாயு போய்ச்சேர வழியடைத்துவிடுகிறது. முதற்சில நிமிடங்களில் விறுவிறுவென்று நடக்கும் வேலை, அதன்பின் ஊர்ந்து போகிறது.

களைத்த கல்லுக்கு யார் கூலி கொடுப்பது? ஒரு தொன் காபனீரொட்சைட்டைக் கல்லிலிருந்து விடுவிக்கவே 4 கிகாயூல் வெப்பம் வேண்டும். அது மாறாது. ஆனால் கல் 10 சதவீதம்தான் வேலைசெய்கிறது என்றால், அந்த ஒரு தொன்னுக்காக 12.7 தொன் சுண்ணாம்பை 650இலிருந்து 900 பாகைக்குச் சூடாக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மட்டும் இன்னும் 3 கிகாயூல் அளவில் செலவாகும். 23 சதவீதம் வேலைசெய்யும் கல்லென்றால் 5.5 தொன் போதும், செலவும் பாதிக்குக் கீழே இறங்கும். எனவே வேலைசெய்யும் நிலையங்கள் களைத்த கல்லில் ஒரு பங்கை எந்நேரமும் வெளியே எடுத்துப் புதுக்கல்லை உள்ளே போட்டுக்கொண்டேயிருக்கும். கரியில் கந்தகம் இருந்தால் இன்னும் கெடுதி. கந்தகவீரொட்சைட்டு சுண்ணாம்போடு சேர்ந்து கல்சியம் சல்பேற்றாகும். அந்தப் பிடி 900 பாகையிலும் விடாது, அந்தச் சுண்ணாம்பு செத்த சுண்ணாம்புதான்.

இந்த வெளியேற்றிய சுண்ணாம்பு எங்கே போகும் என்பதில்தான் விடை இருக்கிறது. சீமெந்து ஆலைக்கு அது மூலப்பொருள். ஆகையால் இலங்கையில் இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பொருந்தும் இடமென்று பார்த்தால் புத்தளத்துச் சீமெந்து ஆலையும் அதே மாவட்டத்தின் 900 மெகாவாற்று நுரைச்சோலை அனல் மின்நிலையமும்தான். அருவாக்காட்டுச் சுண்ணாம்புக் கல்லும் அங்கேயே இருக்கிறது. பிடித்த வாயுவை அமுக்கிப் புதைப்பதற்குப் படிவுப் பாறை வேண்டும். மன்னார்க் கடலடியில் அது உண்டு. மலையகத்தின் அடியில் இருப்பது உருமாறிய பழம்பாறை, அதில் வாயுவைப் புதைக்க இடமில்லை.

இனி தேயிலைத் தொழிற்சாலைக்கு வருவோம். தேயிலையை உலர்த்தும் டிரையர் அடுப்புகளில் காற்றைத் தாராளமாக விட்டே விறகை எரிக்கிறோம். புகையில் காபனீரொட்சைட்டு ஐதாகிவிடுகிறது. 650 பாகையில் சுண்ணாம்பு எவ்வளவு முயன்றாலும் புகையில் ஏறத்தாழ 1 சதவீதத்தை விட்டே தீரும், அது இரசாயனச் சமநிலை. புகையில் 15 சதவீதம் இருந்தால் அந்த 1 பெரிதல்ல. 5 சதவீதமே இருந்தால் ஐந்திலொன்று கைநழுவுகிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். அது சூட்டில் உருகித் துகள்களைக் கட்டியாக்கும். புகைபோக்கிக்கு வரும் புகையோ 650 பாகையில் வருவதில்லை, அதை மறுபடி சூடாக்க இன்னும் விறகு வேண்டும். ஆகவே நாளுக்கு ஆயிரம் இரண்டாயிரம் கிலோ தேயிலை செய்யும் தொழிற்சாலையின் புகைபோக்கியில் சுண்ணாம்புக் கலன் பூட்டும் யோசனையை மரியாதையோடு ஒதுக்கிவைக்கலாம்.

வெப்பச் சேமிப்பு வேறு கதை. அதில் மலையகத்துக்கு உண்மையிலேயே ஓர் இடம் இருக்கக்கூடும், ஆனால் சொல்லப்படும் இடத்தில் அல்ல.

காபனேற்றுச் சுற்றில் சேமிப்பது 850 பாகை அளவிலான சூடு. ஒரு கிலோ கல் 1.78 மெகாயூல், அதாவது அரை அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வைத்திருக்கும். கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து இதைச் செய்ய ஸ்பெயினில் முயற்சிகள் நடந்திருக்கின்றன. அதற்கு முகிலில்லாத நேரடி வெயில் வேண்டும். நுவரெலியாவின் பனிமூட்டத்தில் குவிப்பதற்கு என்ன இருக்கிறது? தேயிலைக்கு 850 பாகை தேவையும் இல்லை. டிரையருக்கு 100 பாகையை ஒட்டிய சுடுகாற்றுப் போதும், பச்சைக் கொழுந்தை முதலில் வதக்கும் வாட்டலுக்கு அதைவிட மிகக் குறைவு.

அந்தச் சூட்டுக்குப் பொருத்தமானது வெற்றிலைச் சுண்ணாம்பு செய்கிறவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் முதலில் ஒன்றும் நடக்காததுபோல் கிடக்கும். சற்று நேரத்தில் கட்டி வெடித்து, ஆவி கிளம்பி, பானை தொடமுடியாமல் சுடும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வருவது 1.16 மெகாயூல். நீறிய சுண்ணாம்பை 500 பாகையை ஒட்டிச் சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகிப் போய், மறுபடி சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். காற்றுப் புகாமல் மூடிவைத்தால் மாதக்கணக்கானாலும் அந்தச் சூடு கெடாது. சூடான கல்லும் சுடுநீரும் செய்ய முடியாத வேலை இது.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். வீணாகும் அந்தப் பகல் மின்சாரத்தால் சுண்ணாம்பைச் சுட்டுவைக்கலாமே என்ற எண்ணம் நியாயமானது. கணக்கைப் பார்ப்போம்.

ஆயிரம் கிலோ தேயிலைக்கு, 55 சதவீத ஈரத்தோடு டிரையருக்குள் போகும் தூளை 3 சதவீதத்துக்கு இறக்க, 1,160 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு 3 கிகாயூல். டிரையர் பாதிச் சூட்டைத்தான் பயன்படுத்துகிறது என்று வைத்தால் 6 கிகாயூல் சுடுகாற்று, ஏறத்தாழ 1,670 அலகு. இதைத் தண்ணீர் விட்டு நீற்றிப் பெற 5.2 தொன் சுட்ட சுண்ணாம்பு வேண்டும். நீறியபின் அது 6.8 தொன் ஆகியிருக்கும். அதை மறுபடி சுட ஏறத்தாழ 3,800 அலகு மின்சாரம் போகும். கொடுத்ததில் பாதிகூடத் திரும்பிவரவில்லை.

மீதி எங்கே போனது? சுடும்போது வெளிவரும் 1.65 தொன் நீராவியிலும், 500 பாகையில் இருந்து ஆறும் சுண்ணாம்பிலும். அந்த நீராவியைக் குழாயில் பிடித்து வாட்டல் தொட்டிகளின் காற்றைச் சூடாக்கக் கொடுத்தால் 3.7 கிகாயூல் கைக்கு வரும். அப்படிக் கொடுக்காத அமைப்புப் பாதி மின்சாரத்தைக் கூரைக்கு மேலே விடுகிற அமைப்பு. வரைபடத்தில் அந்த நீராவிக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்தாலே வரைந்தவருக்குத் தொழில் தெரியுமா என்பது விளங்கும்.

பகலில் சேமித்து அன்றிரவே எடுப்பதற்குச் சுண்ணாம்பு தேவையே இல்லை. காப்பிட்ட பெட்டியில் 19 தொன் கருங்கல்லை 500 பாகைக்குச் சூடாக்கி 100 பாகைவரை ஆறவிட்டால் அதே 6 கிகாயூல் கிடைக்கும். கல் நீறாது, வீங்காது, கண்ணைக் கெடுக்காது. சுண்ணாம்பின் தனிச்சிறப்பு வாரக்கணக்கில் காத்திருப்பது மட்டுமே. ஆனால் ஒரு மாத டிரையர் வேலைக்கு 130 தொன் சுட்ட சுண்ணாம்பைக் காற்றுப் புகாமல் வைத்திருக்க வேண்டும். எந்தத் தொழிற்சாலையில் அதற்கு இடம் இருக்கிறது? ஆகவே எங்கள் முடிவு இதுதான்: அடைமழை நாட்களில் நனைந்து வரும் கொழுந்தை வாட்டுவதற்கு, சில தொன் அளவில், கையிருப்பாக வைத்துக்கொள்ளச் சுண்ணாம்பு பொருந்தலாம். முழு டிரையருக்கும் அல்ல. விறகு மிச்சம்தான் நோக்கமென்றால் அதைவிட மலிவான வழி கண்ணெதிரே இருக்கிறது. பாதி ஈரத்தோடு அடுப்பில் போடும் விறகு கிலோவுக்கு 8 மெகாயூல் தருகிறது, 25 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் 13 மெகாயூல். ஒழுகாத விறகுக் கொட்டகையும் புகைபோக்கிச் சூட்டில் விறகை உலர்த்தும் ஏற்பாடும் எந்த இரசாயனக் கலனையும்விட முதலில் வரவேண்டியவை.

நீற்றுக் கலன் செய்ய முயல்கிறவர்களுக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நீறும்போது சுண்ணாம்பின் திண்மக் கனவளவு ஏறத்தாழ இரட்டிக்கும். கலனை நெருக்கி நிரப்பினால் தகடு பிதுங்கும், அரைவாசிக்கு மேல் நிரப்பக் கூடாது. பொடி சூட்டைக் கடத்தாது. இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாகப் போட்டால் ஓரம் வெந்து நடு பச்சையாகவே இருக்கும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல ஒரு பங்கைத் திரும்பக் கல்லாக்கிவிடும், அந்தப் பங்கு 500 பாகைக்கு மசியாது. ஒவ்வொரு சுற்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு போனால் மூடியின் இறப்பரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் மலைக் கல். மாத்தளை, திகனைப் பக்கம் கிடைப்பதில் பெரும்பகுதி டொலமைட், அதாவது மகனீசியமும் கலந்தது. கவ்வாத்துக்குப் பிறகு மலையில் தூவுகிறோமே, அதே டொலமைட். காபனைப் பிடிக்கும் சுற்றுக்கு அது நல்ல கல். மகனீசியம் ஒட்சைட்டு 650 பாகையில் வாயுவைப் பிடிக்காது, ஆனால் துளைச் சுவர்களுக்கு நடுவே முட்டுக்கொடுத்து அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். கல் களைப்பது மெதுவாகும். அதே கல் நீற்றிச் சூடெடுக்கும் வேலைக்கு ஆகாது. நன்றாகச் சுட்ட மகனீசியம் ஒட்சைட்டு சாதாரண அமுக்கத்தில் உடனே நீறாது. எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சும்மா கிடக்கும். அதற்குப் புத்தளம், யாழ்ப்பாணப் பக்கத்து உயர் கல்சியக் கல்தான் வேண்டும். (முருகைக் கல்லை யாரும் நினைக்க வேண்டாம், கரையோரத்தில் அதை அகழ்வது சட்டப்படி தடை.) மலைக் கல்லில் இன்னொரு குணம், பளிங்குபோல் பெரிய படிகங்கள். அப்படிப்பட்ட கல் சூடேறும்போது படபடவென்று வெடித்துப் பொடியாகும். மிதக்கும் கலனில் பொடி நிற்காது, புகையோடு போய்விடும்.

இதையெல்லாம் கடதாசியில் வாதாட வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் போன்ற ஓர் இடத்தில் குழாய் உலை ஒன்றும் நல்ல தராசும் இருந்தால் சில வாரத்தில் தெரிந்துவிடும். கல்லை 0.3 முதல் 0.6 மில்லிமீற்றருக்குச் சலித்து, 10 கிராமை அலுமினாத் தட்டில் மெல்லிதாகப் பரப்ப வேண்டும். சுத்தக் காபனீரொட்சைட்டை ஓடவிட்டு 930 பாகையில், எடை குறைவது நிற்கும்வரை சுட வேண்டும். முடிந்ததும் அதே சூட்டிலேயே நைதரசனுக்கு மாற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறும் வழியில் கல் வாயுவைத் திரும்பக் குடித்துவிடும். பிறகு 650 பாகையில், நூற்றுக்குப் பதினைந்து காபனீரொட்சைட்டுக் கலந்த காற்றில் 10 நிமிடம். இங்கே எதிர்மாறு: நைதரசனுக்கு மாற்றினால் பிடித்ததைக் கல் விட்டுவிடும், அதே கலவையிலேயே ஆறவிட வேண்டும். ஈரம் படாத கண்ணாடிச் சாடிக்குள் வைத்து நிறுக்க வேண்டும். இதை 20 தடவை.

சுத்தச் சுண்ணாம்புக் கல் சுட்டதும் 5.6 கிராமுக்கு இறங்கும். முதற்பிடிப்பில் 8.7 கிராமுக்கு ஏறும், பத்தாவதில் 6.6, இருபதாவதில் 6.3. டொலமைட் சுட்டால் 5.2 கிராம், முழுதாகப் பிடித்தாலும் 7.6க்கு மேல் ஏறாது. அதைப் பார்த்துக் கல் மோசமென்று எறிந்துவிடக் கூடாது, இருபதாவது சுற்றில் எவ்வளவு மிஞ்சியது என்பதே கேள்வி. வெறும் காற்றில் 750 பாகையில் மென்மையாகச் சுட்டு, பிடிப்புக்கு ஒரு மணிநேரம் கொடுத்தால் எந்தக் கல்லும் அழகான இலக்கம் காட்டும். உண்மையான கலனில் அந்தச் சலுகை கிடையாது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டொலமைட் மூட்டையும் சுட்ட சுண்ணாம்பு மூட்டையும் ஒரே வெள்ளை. டொலமைட்டை நம் பெண்கள் வெறுங்கையால் அள்ளித் தூவுகிறார்கள். அதே பழக்கத்தில் சுட்ட சுண்ணாம்பை அள்ளினால் வியர்வை பட்ட இடமெல்லாம் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வை போகும். பட்டவுடன் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவியபடியே வைத்தியசாலைக்கு ஆயத்தமாக வேண்டும். இரண்டையும் ஒரே களஞ்சியத்தில் வைக்கவே கூடாது. தகரம் ஒழுகி மூட்டைக்குள் கொஞ்சம் மழைத்தண்ணீர் இறங்கினால் உள்ளே பல நூறு பாகைக்குச் சூடேறிச் சாக்கும் பலகையும் தீப்பிடிக்கும். களைத்த சுண்ணாம்பைத் தேயிலை மலையில் கொட்டுவதும் கூடாது. தேயிலை pH 4.5 முதல் 5.5 வரையான அமில மண்ணில் வளர்வது, நீறிய சுண்ணாம்பு விழுந்த இடத்தில் செடி மஞ்சளாகும். ஓடையில் கொட்டினால் மீன் மிஞ்சாது.

இப்படியொரு திட்டத்தோடு வருகிறவரிடம் தோட்ட நிர்வாகங்களும் சிறு தொழிற்சாலை உரிமையாளர்களும் கேட்க வேண்டியது: எந்தக் குழியில் எடுத்த கல், எந்த வாயுவில் எத்தனை பாகையில் சுட்டது, பிடிப்புக்கு எத்தனை நிமிடம் கொடுத்தது, இருபதாவது சுற்றில் தராசு என்ன காட்டியது, வெளிவரும் நீராவியும் களைத்த சுண்ணாம்பும் எங்கே போகின்றன. இவை எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
இரசாயனப் பொறியியலிலும் தேயிலைத் தொழிற்சாலை வேலையிலும் உள்ள வாசகர்கள் சிலர்,
தலவாக்கலை.